கண்ணின் அமுக்கமும் கண்ணாடிப் படலமும்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)





வருகின்ற ஆண்டில் நமது சங்கம் கிராமங்கள்தோறும் கண் பரிசோதனை முகாம் நடாத்தத் தீர்மானித்திருப்பதை யாவரும் அறிவீர்கள். கண்ணின் அமுக்கத்தை அளந்து, அளவு சரியாயிருப்போரிடம் “நோயில்லை” என்று எழுதிய ஒரு துண்டைக் கொடுத்து அனுப்பலாம் என்று சென்ற கூட்டத்திலே ஓர் யோசனை கூறப்பட்டது. யோசனையின் பின்னாலுள்ள நல்லெண்ணத்தை நாம் போற்றுகிறோம். ஆயினும் அந்தத் துண்டைக் கொடுக்குமுன், அதில் எழுதப்படும் எண் எவ்வாறு பிறக்கிறது, எதனால் கூடுகிறது, எதனாற் குறைகிறது என்பவற்றை நாம் விளங்கிக்கொள்ளல் வேண்டும். இன்றைய பேச்சின் நோக்கம் அதுவே.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். குளுக்கோமா என்பது பார்வை நரம்பு சிறிது சிறிதாக அழியும் நோய். ஏறத்தாழப் பத்து இலட்சம் நார்கள் சேர்ந்த அந்த நரம்பு, கண்ணின் பின்புறத்திலிருந்து மூளைக்குச் செல்கின்றது. இந்நோயின் பெரும்பாலான வகைகளில் நோவில்லை, கண் சிவப்பதில்லை, முன்னே இருப்பது தெளிவாகத் தெரியும். பக்கப்பார்வைதான் முதலில் மங்கும். நோயாளி அதனை உணரும்போது நரம்பிற் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். போனது திரும்பி வராது. வெண்புரை நோயிற் சத்திரசிகிச்சை செய்து பார்வையை மீட்கலாம். குளுக்கோமாவில் எஞ்சியிருப்பதைக் காப்பாற்றுவதே வைத்தியர் செய்யக்கூடியது. ஆகவேதான் காலத்தோடு கண்டுபிடித்தல் இத்துணை முக்கியமாகின்றது.

இந்நோய்க்கும் அமுக்கத்துக்கும் உள்ள தொடர்பு யாது? கண்ணின் முன்னறையில் தெளிந்த நீரொன்று ஓயாது சுரந்து ஓயாது வடிந்துகொண்டிருக்கின்றது. நிமிடத்துக்கு இரண்டு அல்லது இரண்டரை மைக்குரோலீற்றர்தான் சுரக்கும். வடிகாலில் தடை ஏற்பட்டால் உள்ளே அமுக்கம் உயரும். நலமான கண்ணில் அது பெரும்பாலும் 10 இற்கும் 21 இற்கும் இடைப்பட்ட மில்லிமீற்றர் இரச அளவில் இருக்கும். உயர்ந்த அமுக்கம் பார்வை நரம்பை நெரிக்கும் என்பதும், அமுக்கத்தைக் குறைத்தால் அழிவு தாமதமாகும் என்பதும் ஐயமற நிறுவப்பட்டவை. இன்றுவரை இந்நோயில் வைத்தியர் மாற்றக்கூடிய ஒரே காரணி அமுக்கமே.

அமுக்கத்தை அளப்பது எங்ஙனம்? ஒரு போத்தலுள் இருக்கும் அமுக்கத்தை அறிய அதனுள் ஒரு குழாயைச் செலுத்தலாம். உயிருள்ள மனிதனின் கண்ணில் ஊசியைச் செலுத்தி நாளும் அளத்தல் இயலாது. எனவே வெளியேயிருந்து அழுத்திப் பார்த்து உள்ளிருப்பதை ஊகிக்கவேண்டும். சைக்கிள் சில்லில் காற்றிருக்கிறதா என்று நாம் பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறோமல்லவா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்தியர்களும் அவ்வாறே மூடிய இமையின்மேல் இரு சுட்டுவிரல்களையும் வைத்து அழுத்திப் பார்த்தனர். இங்கிலாந்தின் போமன் என்பார் அவ்வுணர்ச்சியைப் படிகளாக வகுத்தார்.

1884 ஆம் ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கொல்லர், கொக்கெயின் துளிகள் கண்ணை மரக்கச் செய்யும் என்று காட்டினார். அதன் பின்னரே கருவியொன்றைக் கண்ணின்மேல் நேராக வைத்தல் எளிதாயிற்று. அடுத்த ஆண்டில் உருசியாவின் மக்லகோவ், தட்டையான அடியில் மை பூசிய ஒரு நிறையைக் கண்ணின்மேல் வைத்து, மை எவ்வளவு அகலத்துக்கு அழிந்தது என்பதிலிருந்து அமுக்கத்தைக் கணித்தார். 1905 இல் நோர்வேயின் சியோட்ஸ் இன்னொரு கருவியை அளித்தார். நோயாளியைப் படுக்கவைத்து, 5.5 கிராம் நிறையுள்ள சிறு தண்டு கண்ணை எவ்வளவு குழிவிக்கிறது என்று பார்ப்பது அதன் முறை. பல தசாப்தங்கள் உலகெங்கும் அது பயன்பட்டது. ஆனால் குழி விழும்போது உள்ளிருக்கும் நீர் இடம்பெயர்ந்து கண்ணின் சுவரை விரிக்கின்றது. சுவர் இறுக்கமானதாயின் கருவி கூடுதலாகக் காட்டும். நெகிழ்ந்ததாயின் குறைவாகக் காட்டும். அமெரிக்காவின் பிரீடன்வாள்ட் 1937 இல் இக்குறையை ஆராய்ந்து, கண்ணின் விறைப்பு என்னும் கருத்தை எண்களாக வகுத்தார். கருவி அமுக்கத்தை மட்டும் அளக்கவில்லை, சுவரையும் சேர்த்தே அளக்கிறது என்ற உண்மை அப்போதே வெளிப்பட்டது என்பதை மனத்திலிருத்துக.

இனி, இன்றும் உரைகல்லாக விளங்கும் கருவிக்கு வருவோம். சுவிற்சலாந்தின் பேர்ண் நகரிற் பணியாற்றிய ஹான்ஸ் கோல்ட்மன் 1950களில் இதனை உருவாக்கினார். இதன் தத்துவம் நமது பாடசாலைப் பௌதிகவியலே. அமுக்கம் என்பது விசையைப் பரப்பால் வகுத்து வருவது. கண்ணின் முன்புறத்தில் ஒரு குறித்த வட்டத்தைத் தட்டையாக்க வேண்டிய விசையை அளந்தால், அதனை வட்டத்தின் பரப்பால் வகுக்க உள்ளமுக்கம் வரும். இம்பேட், பிக் என்னும் இருவரின் பெயரால் இவ்விதி வழங்குகின்றது.

கோல்ட்மன் தேர்ந்த வட்டத்தின் விட்டம் 3.06 மில்லிமீற்றர். இவ்விந்தையான எண் ஏன்? கணக்கைச் செய்து பார்ப்போம். இவ்வட்டத்தின் பரப்பு 7.35 சதுர மில்லிமீற்றர். 10 மில்லிமீற்றர் இரச அமுக்கம் இப்பரப்பின்மேல் தரும் விசை, சரியாக ஒரு கிராம் நிறைக்குச் சமம். ஆகவே கருவியில் ஒரு கிராம் விசை காட்டினால் அமுக்கம் 10. இரண்டு கிராமாயின் 20. பத்தாற் பெருக்கினாற் போதும். இக்கருவியைக் கண்ணிற் பொருத்துகையில், கண்ணீரில் மஞ்சட் சாயமிட்டு நீல ஒளியிற் பார்க்கும் வைத்தியர்க்கு இரு பச்சை அரைவட்டங்கள் தோன்றும். அவற்றின் உள்விளிம்புகள் ஒன்றையொன்று தொடும்வரை திருகியைத் திருப்பி அளவை வாசிப்பார்.

ஆனால் மேற்சொன்ன விதி ஒரு நிபந்தனையோடு வருகிறது. படலம் எல்லையற்ற மெல்லியதாகவும், வளைவதற்குச் சற்றும் எதிர்ப்புக் காட்டாததாகவும், உலர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். நமது கண்ணின் படலமோ இம்மூன்றில் ஒன்றுமன்று.

அப்படலம் யாது? கருமணிக்கு முன்னே, மணிக்கூட்டின் முகப்புக் கண்ணாடிபோலக் குவிந்து நிற்பது விழிவெண்படலம். பெயரில் வெண்மை இருப்பினும் நலமான நிலையில் அது பளிங்குபோலத் தெளிந்திருக்கும். அதன் நடுப்பகுதியின் தடிப்பு சராசரியாக 540 மைக்குரோமீற்றர், அதாவது அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. இத்தடிப்பிற் பத்தில் ஒன்பது பங்கு, கொலாசன் என்னும் புரத நார்கள் தட்டுத் தட்டாய் அடுக்கப்பட்ட இழையம். ஒரு தட்டின் நார்கள் அடுத்த தட்டின் நார்களுக்குக் குறுக்கே ஓடும். ஓலைப் பாயின் வலிமை பின்னலினால் வருவதுபோல, இதன் வலிமையும் இவ்வடுக்கினால் வருகின்றது. இழையத்திலே நீரும் பசைபோன்ற பொருளும் நிறைந்திருக்கின்றன. மேலே கண்ணீர்ப் படை இருக்கின்றது.

கோல்ட்மன் இதனை அறியாதவரல்லர். வளைய மறுக்கும் படலம் கருவியை வெளியே தள்ளும். கண்ணீரின் மேற்பரப்பிழுவிசை கருவியை உள்ளே இழுக்கும். தட்டையாகும் வட்டம் ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றராயின் இவ்விரு விசைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்று கண்டே அவர் அவ்வளவைத் தேர்ந்தார். ஆனால் இந்த ஈடு, படலத்தின் தடிப்பு அரை மில்லிமீற்றரளவில் இருக்கும்போதுதான் நிகழும். தடிப்பு வெகுவாக வேறுபட்டால் அளவும் பிசகும் என்று அவரும் அவருடைய துணைவர் ஷ்மிற்றும் தாமே எழுதிவைத்தனர். அக்காலத்தில் மனிதர்க்கு மனிதர் தடிப்பு அவ்வளவு வேறுபடாது என்று எண்ணப்பட்டது. அவ்வெண்ணம் பின்னர் பொய்த்தது.

1975 இல் தென்மார்க்கில் ஏலர்சும் கூட்டாளிகளும், சத்திரசிகிச்சைக்கு வந்தோரின் கண்ணுக்குள்ளே நுண்குழாய் செலுத்தி உண்மையான அமுக்கத்தை அறிந்து, வெளியே கோல்ட்மன் கருவியாலும் அளந்து ஒப்பிட்டனர். தடிப்பு 520 மைக்குரோமீற்றரளவில் இரண்டும் இணங்கின. மெல்லிய படலத்திற் கருவி குறைவாகக் காட்டியது. தடித்ததிற் கூடுதலாகக் காட்டியது. அவர்கள் கணிப்பின்படி 100 மைக்குரோமீற்றர் வேறுபாட்டுக்கு ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் பிழை. பிற்காலத்து ஆய்வுகள் பல இதனிலும் சிறிய பிழையையே கண்டன.

சைக்கிளுக்கே திரும்புவோம். ஒரே அளவு காற்றடித்த இரு சில்லுகளில் ஒன்றுக்குத் தடித்த ரயரும், மற்றொன்றுக்குத் தேய்ந்து மெலிந்த ரயரும் இருப்பதாகக் கொள்வோம். பெருவிரலுக்கு முன்னதில் காற்று நிறையத் தோன்றும். பின்னதில் குறையத் தோன்றும். காற்றோ ஒன்றே. விரல் உணர்வது காற்றும் ரயரும் சேர்ந்த எதிர்ப்பு.

இது வெறும் நுட்ப விவாதமென்று கருதவேண்டாம். இரு மனிதரை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்குத் தடித்த படலம். கருவி 24 என்று காட்டுகிறது. நரம்பு நலமாயிருந்தும் ஆயுள் முழுவதும் தினமும் மருந்து இடவேண்டும் என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. மற்றவருக்கு மெல்லிய படலம். கருவி 18 என்று காட்டுகிறது. “நோயில்லை” என்ற துண்டோடு வீடு செல்கிறார். முதலாமவர் இழப்பது பணமும் மனநிம்மதியும். இரண்டாமவர் இழப்பது கண்.

அமெரிக்காவிலே 1994 இல் ஒரு பேராய்வு ஆரம்பிக்கப்பட்டது. அமுக்கம் உயர்ந்திருந்தும் நரம்பு பழுதுபடாத 1636 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். 2002 இல் முடிவு வெளியாயிற்று. ஐந்தாண்டுகளில், மருந்திடாதோரில் நூற்றுக்கு 9.5 பேருக்கும், மருந்திட்டோரில் நூற்றுக்கு 4.4 பேருக்கும் நோய் தோன்றியது. அமுக்கத்தைக் குறைத்தல் பயன்தரும் என்பது இதனாற் தெளிவாயிற்று. யாரும் அவ்வளவாக எதிர்பாராத இன்னொன்றும் புலனாயிற்று. படலத்தின் தடிப்பு 555 மைக்குரோமீற்றர் அல்லது அதற்குக் குறைவாயிருந்தோர்க்கு, 588 இற்கு மேற்பட்டோரிலும் பார்க்க ஏறத்தாழ மும்மடங்கு ஆபத்து இருந்தது. அன்றிலிருந்து குளுக்கோமாப் பரிசோதனையிலே தடிப்பை அளத்தலும் ஓர் அங்கமாயிற்று.

நம் பிராந்தியத்துக்கும் இதிற் பங்குண்டு. மத்திய இந்தியக் கிராமங்களில் நடாத்தப்பெற்று 2010 இல் வெளியான ஆய்வொன்றில், சராசரித் தடிப்பு 514 மைக்குரோமீற்றர் எனக் கண்டனர். ஐரோப்பியரின் சராசரியிலும் இது குறைவு. பிறநாட்டு மக்களின் கண்களை வைத்து வகுத்த எல்லைக்கோட்டை எவ்வித ஆராய்ச்சியுமின்றி வேறொரு மக்களுக்குப் பொருத்துதல் தகாது என்பதற்கு இஃது ஓர் உதாரணம்.

அப்படியாயின் தடிப்பை அளந்து, அட்டவணையொன்றைப் பார்த்து, சில எண்களைக் கூட்டியோ கழித்தோ விட்டாற் போதாதா என்று நீங்கள் வினவக்கூடும். பலரும் அவ்வாறே கருதினர். அட்டவணைகளும் பல வெளிவந்தன. ஆனால் 2012 இல் மேற்சொன்ன பேராய்வின் தரவுகளையே மீண்டும் நோக்கியபோது, அவ்வாறு திருத்திய அமுக்கம், யாருக்கு நோய் வரும் என்று முன்கூட்டிச் சொல்வதை மேம்படுத்தவில்லை என்று தெரிந்தது. ஏன்?

தடிப்பு மட்டுமே படலத்தின் இயல்பு அன்று என்பதே காரணம். ஒரே தடிப்புள்ள பலகையும் இறப்பர்த் தகடும் ஒன்றுபோல் வளைவதில்லை. ஒரு பொருள் விசைக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பதைப் பௌதிகவியலில் யங்கின் மட்டு என்னும் அளவாற் குறிக்கிறோம். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் லியூ, றொபேட்ஸ் இருவரும் 2005 இல் வெளியிட்ட கணித மாதிரியில், இந்த மட்டின் வேறுபாடு அளவிலே ஏற்படுத்தக்கூடிய பிழை, தடிப்பாலும் வளைவாலும் வரக்கூடிய பிழைகளிலும் பன்மடங்கு பெரிதாயிருந்தது. நோயுற்ற கண்ணும் இதற்குச் சான்று பகரும். நீர்கோத்து வீங்கிய படலம் தடித்ததுதான். அட்டவணைப்படி கருவி கூடுதலாகக் காட்டவேண்டும். ஆனால் வீங்கியபடியால் அது மிருதுவாகிவிடுகின்றது. கருவி குறைவாகவே காட்டக்கூடும். அட்டவணையை நம்பி மேலும் கழித்தால் பிழையின்மேற் பிழையாகும். வயது ஏறும்போது படலம் விறைக்கும். கூம்பு வடிவாய்ப் பிதுங்கும் நோயில் அது மெலிந்து நெகிழும். அந்நோய்க்கு உயிர்ச்சத்து பி 2 துளிகளும் ஊதாக்கடந்த ஒளியும் கொண்டு நார்களிடையே புதிய பிணைப்புகளை உண்டாக்கி விறைப்பேற்றும் சிகிச்சையை ஜேர்மனியின் திரெஸ்டன் நகரத்து வைத்தியர்கள் தந்தனர்.

இன்னுமோர் இயல்பு உண்டு. இறப்பர்ப் பந்தை அழுத்தி விட்டால் உடனே எழும். பஞ்சுத் தலையணை மெல்லத்தான் எழும். விழிவெண்படலம் இரண்டுக்கும் இடைப்பட்டது. காற்றை வீசிக் கண்ணைத் தொடாமலே அளக்கும் முறையை அமெரிக்கரான குறோல்மன் 1972 இல் வெளியிட்டார். 2005 இல் லூஸ் என்பார் அம்முறையை நீட்டினார். காற்று வீசும்போது படலம் உள்நோக்கிச் செல்கையில் ஒருமுறையும், மீள்கையில் ஒருமுறையும் தட்டையாகும். முதல் முறைக்கான காற்றமுக்கம் கூட; இரண்டாவதற்கானது குறைவு. இவ்விரண்டின் வித்தியாசமே படலத்தின் தயக்கம் எனப்படும். அது வீச்சின் சக்தியை எவ்வளவு உள்வாங்கித் தணிக்கிறது என்பதற்கு அடையாளம். நலமான கண்ணில் இது சராசரியாக 10 மில்லிமீற்றரளவில் இருக்கும். தயக்கம் குறைந்த கண்களில் பார்வைப் புலம் விரைவாகக் கெடுகிறது என்று 2013 இல் வெளியான, நோயாளிகளைப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வொன்று காட்டியது. கண்ணின் முன்சுவரின் தன்மை, நரம்பைத் தாங்கும் பின்சுவரின் தன்மைக்கும் குறிகாட்டியோ என்று இன்று ஆராய்கின்றனர்.

நம் போன்ற இளைஞர்களுக்கு நேராகத் தொடர்புடைய ஒன்றையும் கூறவேண்டும். மூக்குக்கண்ணாடியை விட்டொழிக்க வேண்டி லேசர்ச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோர் இன்று பலர். ஆறு மில்லிமீற்றர் அகல வட்டத்தில் ஒரு டயொப்ரர் கிட்டப்பார்வையைத் திருத்த ஏறத்தாழ 12 மைக்குரோமீற்றர் இழையம் அகற்றப்படும். ஐந்து டயொப்ரருக்கு 60. படலம் மெலிகிறது, வலிமையும் குறைகிறது. அதன்பின் கருவி என்றென்றும் குறைவாகவே காட்டும். இருபது வயதிற் சிகிச்சை செய்தவர் ஐம்பது வயதில் வைத்தியரிடம் அதனைச் சொல்ல மறந்தால், 17 என்ற எண் இருவரையும் ஏமாற்றக்கூடும். கிட்டப்பார்வையுடையோர்க்குக் குளுக்கோமா வரும் வாய்ப்பே கூட என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

அப்படியானால் அமுக்கத்தை அளப்பதே வீண் என்று நாம் சொல்கிறோமா? இல்லை. எண் வேண்டும், அது தனியே போதாது என்பதே நமது வாதம். அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் மக்களிடையே நடாத்தப்பெற்று 1991 இல் வெளியான ஆய்வில், குளுக்கோமாக் கண்களில் அரைவாசிக்கு மேற்பட்டவை முதற் பரிசோதனையில் 21 அல்லது அதற்குக் குறைந்த அமுக்கத்தையே காட்டின. அமுக்கம் ஒரே நாளிற்கூட ஏறி இறங்குவது. எனவே ஒருமுறை அளந்த ஓர் எண்ணைக்கொண்டு “நோயில்லை” என்று எழுதுவது, கண்டுபிடிக்க வேண்டியவர்களில் இருவருள் ஒருவரைத் தவறவிடுவதற்கு ஒப்பாகும். துண்டு கையிலிருக்கும் தைரியத்தில் அவர் பத்தாண்டுகள் வைத்தியரை நாடாமலும் இருந்துவிடுவார்.

ஆகவே முகாம் சம்பந்தமாக நான்கு காரியங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறோம். முதலாவது, அமுக்கத்தோடு பார்வை நரம்பையும் பார்க்கக்கூடிய கண் வைத்தியர் ஒருவர் வந்தாலன்றி முகாமைக் குளுக்கோமா முகாம் என்று விளம்பரஞ் செய்யலாகாது. இரண்டாவது, தடிப்பை அளக்கும் கருவியை இரவலாகவேனும் பெற முயலவேண்டும். சிறிய கருவி, சில நொடி வேலை. மூன்றாவது, பதிவுத்தாளிலே நான்கு வினாக்கள் இருத்தல் வேண்டும்: தாய் தந்தை உடன்பிறந்தாரில் எவர்க்கேனும் குளுக்கோமா உண்டா? கண்ணில் லேசர்ச் சிகிச்சை செய்ததுண்டா? ஸ்ரெரொயிட் மருந்துகள் நெடுநாள் உபயோகித்ததுண்டா? கண்ணில் அடிபட்டதுண்டா? நான்காவது, “நோயில்லை” என்ற சொல்லை நாம் எழுதவே கூடாது. “இன்று அளந்த அமுக்கம் இவ்வளவு, நாற்பது வயதுக்கு மேற்பட்டவராயின் காலத்துக்குக் காலம் கண் வைத்தியரிடம் நரம்பைப் பரிசோதிப்பிக்கவும்” என்று எழுதுவோம். அது கூடிய உண்மையும் கூடிய பயனும் உடையது.

மிஷன் பாடசாலையிற் கற்ற காலத்தில் எமது பௌதிகவியல் ஆசிரியர், எந்த அளவை வாசித்தாலும் அதன் அருகே வழுவையும் எழுதச் செய்வார். வழு எழுதாத விடைக்குப் புள்ளி இல்லை. அது மாணவரை வருத்தும் வழக்கமென்று அப்போது நினைத்தோம். இன்று நோக்கினால், கோல்ட்மன் தமது கருவியின் வழுவைத் தாமே எழுதிவைத்தபடியாலன்றோ பின்வந்தோர் அதனைத் தேடிச் சென்று, ஒரு மெல்லிய படலத்தினுள் இத்தனை இயல்புகளைக் கண்டறிந்தனர் என்று தோன்றுகிறது. அளவோடு அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்வது விஞ்ஞானத்தின் நேர்மை. சேவை செய்யப் புறப்படும் சங்கத்துக்கும் அந்நேர்மை வேண்டும். நம்மை நம்பி வந்து கதிரையில் அமர்ந்து கண்ணைத் திறந்து காட்டும் முதியவர்க்கு நாம் கொடுக்கவேண்டிய மரியாதை அதுவே.